மரை பிடிக்காத திருகாணிகள்

டீச்சர்,

இன்று காலை தல்லாகுளத்தில் ஒரு மரக்கடை வாசலில் ஒருவர் திருகாணியைச் சுத்தியலால் அடித்து இறக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் கேட்டு நின்றுவிட்டேன். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது.

நம் பள்ளி மண்டபத்தில் பாட்டுக்குழுவுக்கு உயரமான மரமேடை கட்டியது தொண்ணூற்றாறிலா ஏழிலா, சரியாக நினைவில்லை. கட்டியவர் பேரையூர் ஆசாரி. மேற்பார்வை, ஆபீஸ் கிளார்க்கான என்னுடையது. தச்சரான உங்கள் தம்பியும் மேடை கட்டும் வேலையைக் கேட்டிருந்தார், கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் நீங்கள் தினமும் மேடைக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, ஸ்டாஃப் ரூமிலும் சொல்லி வைத்தேன்.

ஒருநாள் என்னையே கூப்பிட்டீர்கள். "சார், இந்த விரிசலப் பாருங்க. ஒரு திருகாணியில இருந்து அடுத்ததுக்கு நேராப் போகுது."

"பச்சை மரம் டீச்சர். காயும்போது கீறத்தான் செய்யும்."

நீங்கள் ஒரு திருகாணியின் தலையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தீர்கள். கையோடு வந்துவிட்டது. "துளை போடாம சுத்தியல்ல அடிச்சிருக்காங்க. மரை மரத்தப் பிடிக்கல, நாரைக் கிழிச்சிருக்கு."

ஆசாரியிடம் கேட்டேன். "இம்புட்டு ஸ்குரு போட்டிருக்கேன், ஒண்ணு வந்தா என்னண்ணே? அந்தம்மா யாரோட அக்கான்னு தெரியும்ல?" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகையன்று நீங்கள் மேடைப்படியில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளை ஏறவிடவில்லை. எல்லோர் முன்னாலும் கத்தினேன். நீங்கள் குரல் உயர்த்தவில்லை.

"பிள்ளைங்க எடைக்கு அரிசி மூட்டைய ஏத்துங்க சார். மேடை நின்னா நான் வேலைய விட்டுப் போறேன்."

உங்களைத் தோற்கடிக்கத்தான் விடுதியிலிருந்து மூட்டைகளை வரவழைத்தேன். ஏற்றியவர்கள் இறங்கிக் கொஞ்ச நேரம் எதுவும் ஆகவில்லை. நான் உங்களைப் பார்த்துச் சிரித்தேன் டீச்சர். அப்போதுதான் மரம் பிளக்கும் சத்தம். ஓரத்து உத்தரம் திருகாணி வரிசையோடு வாய் பிளந்து, மேடை ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. தூசி அடங்கியபோது நீங்கள் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

மாலை ஆபீசுக்கு வந்தீர்கள். "என்மேல சந்தேகப்பட்டது தப்பில்ல சார். அந்த மரத்துமேலயும் கொஞ்சம் பட்டிருக்கலாம்."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் ஒரே வராந்தாவில் நடந்தோம், கேட்கவில்லை. உங்கள் அடக்கத்தில் உங்கள் தம்பியின் கையைப் பிடித்தேன். நான் யாரென்று அடையாளம் தெரியாமல், "வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க" என்றார்.

இப்போதும் யாராவது குறை சொன்னால், இவருக்கு இதில் என்ன ஆதாயம் என்றுதான் முதலில் தோன்றுகிறது. அந்தப் புத்தி போகவில்லை டீச்சர். ஆனால் எழுந்து போய்ப் பார்த்துவிடுகிறேன்.