பேதுருவின் நாற்காலி

மார்ச் 16, ஞாயிறு

எங்கள் கோயிலில் மறைக்கல்வி வகுப்பு பிள்ளைகளின் வாயை மூடுவதற்காகவே நடக்கிறது. கேள்வியும் புத்தகத்தில், பதிலும் புத்தகத்தில். நடுவில் பிள்ளைகள் எதற்கு?

தலைமை ஆசிரியை நிர்மலா அக்கா ஆறாம் வகுப்பை என்னிடம் கொடுத்தார். "புத்தகத்த மூடு மாலா. குழுவாப் பிரிச்சி நடிக்க உடு. எவனாவது கேட்டா நான் பாத்துக்கறேன்."

மார்ச் 23, ஞாயிறு

இயேசு சீடர்களின் பாதம் கழுவிய பகுதி. பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தேன். கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையின் உறுப்பினர் ராஜவேலின் மகன் செம்மல் இயேசு. காலனியிலிருந்து வரும் இனியா, நாற்காலியில் உட்கார்ந்து கால் நீட்டும் சீடர் பேதுரு. "கால வீட்லயே கழுவிட்டு வந்துருக்கலாம் டீச்சர், ஒரே அழுக்கு" என்றாள். வகுப்பே சிரித்தது. செம்மல் மண்டியிட்டு, விரலிடுக்கு விடாமல் கழுவினான்.

பிறகு குழுவாகப் பேசினார்கள். ஒரு குழு கேட்டது: பெரிய வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுகிறாரே, அந்த நாற்காலிகளில் காலனிக்காரர் யாரும் ஏன் உட்காருவதில்லை? பதில் அவர்களுக்கே தெரியும்.

வாசலில் நின்று பார்த்த அக்காவின் கண் கலங்கியிருந்தது. குருத்து ஞாயிறன்று பூசை முடிந்ததும் ஊர் முன்னால் இதையே போடலாம் என்றார்.

மார்ச் 25, செவ்வாய்

இனியாவின் அம்மா ஜெயம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறார். குருத்து ஞாயிறுக்காக ஷிப்டை மாற்றிக்கொண்டாராம். "எம் பொண்ணு அந்த நாற்காலில ஒக்கார்றத நான் பாக்கணும்ல?"

ஏப்ரல் 1, செவ்வாய்

பேரவையில் ராஜவேல் கத்தியிருக்கிறார். தன் மகன் யார் காலைத் தொட்டான் என்பதுதான் விஷயம். சாதி என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. 'வழக்கம்' என்றாராம்.

அக்காவுக்குப் போன் செய்தேன். நான் பேசிக்கொள்கிறேன் என்றார். நம்பினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இப்படியா பேசிக்கொள்வது?

அக்கா வகுப்புக்கே வந்தார். மறுபடி சீட்டுப் போடலாம், அப்போதுதான் யாரும் குறை சொல்ல முடியாது என்றார். ஒவ்வொரு பிள்ளையிடமும் கிண்ணத்தை நீட்டினார். அவர்களே கைவிட்டு எடுத்தார்கள். இனியாவிடம் மட்டும் நீட்டவில்லை. தன் கையில் மடக்கி வைத்திருந்த சீட்டை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

தண்ணீர்க் குடம் தூக்கி வருபவள்.

இனியா சீட்டில் வந்தது என்று நம்புகிறாள். சீட்டு பொய் சொல்லாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். ச்சே.

வெளியே அக்காவை மறித்தேன். "அவளுக்கும் ஒரு வேஷம் இருக்குல்ல? ஒன் வகுப்பும் ஒங்கிட்டயே இருக்கும். ராஜவேலு ஒன்னத் தூக்கச் சொன்னாருடி" என்றார்.

என்னைக் காப்பாற்றினாராம். அவளை விற்று.

ஏப்ரல் 7, திங்கள்

தூக்கட்டுமே. கேட்டேனா நான்?

ஏப்ரல் 12, சனி

ஒத்திகை. பேதுருவாக வேறொரு பையன் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். செம்மல் துண்டைக் கட்டிக்கொண்டு இனியாவையே பார்த்தான். "அவதான டீச்சர் பேதுரு?" என்று என்னிடம் கேட்டான். இனியா குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். நாளைக்கு அவள் அம்மா முன்வரிசையில் இருப்பார்.

எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி சொன்னேன்:

"இன்னொரு தரம் குலுக்குங்கக்கா. இனியா அவ கையாலயே எடுக்கட்டும்."

நிர்மலா அக்கா நிமிராமல் குருத்தோலையைக் கிழித்துக்கொண்டிருந்தார்.