அந்தப் பதினாலு கேப்சூல்

பதினோரு வருஷம் ஒரே பஸ்ஸில் என்னோடு வந்த தனபால் அண்ணனுக்கு,

நீ போய் ஒன்பது மாசம் ஆகிறது. உன் சீட்டில் இப்போது வேறொரு டிரைவர். நல்ல மனுஷன்தான். ஆனாலும் அவரிடம் டிக்கெட் கணக்குக்கு மேல் ஒரு வார்த்தை பேச வரவில்லை எனக்கு. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

நேராகவே சொல்கிறேன். உன் சாவில் என் கைக்கும் பங்கு இருக்கிறது. அது தெரியாமலே நீ போய்விட்டாய். டாக்டர் சொல்லும்வரை எனக்கும் தெரியாது.

வாலாஜாபாத் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். "காதரு, இன்ஜின் சூட்டுல உக்காந்து உக்காந்து தொடை இடுக்கெல்லாம் படை வந்துகீதுடா. ஒரே பேஜாரு" என்றாய். எனக்கும் அதே படை வந்து, தோல் டாக்டர் ரெண்டு வாரத்துக்குக் கேப்சூல் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு வாரத்தில் அரிப்பு நின்றதும் நான் நிறுத்திவிட்டேன். மீதி பதினாலு இருந்தது. மறுநாள் அதை எடுத்துவந்து உன்னிடம் கொடுத்தேன். "காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போடுண்ணே, போயிடும்" என்றேன், ஏதோ நானே டாக்டர் மாதிரி.

நீ ஒரு வருஷமாகக் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுவது எனக்குத் தெரியும். அதை ஒருநாள்கூட நீ விட்டதில்லை. ரத்தத்தில் கொழுப்பு இறங்கிவிட்டது என்று டெஸ்ட் சீட்டைக் காட்டிச் சிரித்தாய். அது ரத்தத்துக்கு, இது தோலுக்கு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் இருக்கப்போகிறது? அப்படிக்கூட நான் யோசிக்கவில்லை அண்ணே. கையில் இருந்தது, கொடுத்தேன்.

நாலைந்து நாளில் தொடையும் தோளும் வலிக்கிறது என்றாய். "கிளட்ச்ச மிதிச்சா உயிர் போவுது" என்றாய். ரோடு அப்படி என்று நான் சொன்னேன். வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டி எடுத்தாய். கேப்சூல் தீர்ந்த மறுநாள் படியேற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அப்போதுதான் மெல்லச் சொன்னாய். "ஒண்ணுக்குப் போனா டீ டிகாக்‌ஷன் மாதிரி போவுதுடா. ரெண்டு நாளா இப்பிடித்தான்."

அன்றைக்கே உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். கொலஸ்ட்ரால் மாத்திரை, வலி மாத்திரை என்றேன். "வேற?" என்றார். படைக்கு நான் கொடுத்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

"இந்தக் கேப்சூல யார் குடுத்தது?"

"நான்தான் சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இது உள்ள போனா அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை உடம்புலேர்ந்து கழியாது. ரத்தத்துல ஏறிக்கிட்டே போகும். சதையெல்லாம் கரைஞ்சு கிட்னிய அடைச்சிருக்கு" என்றார். வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. ஆனால் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. ஒரு மருந்தும் இன்னொரு மருந்தும் சேர்ந்து ஆளைக் கரைக்குமா? உனக்கு டயாலிசிஸ் வைத்து ரத்தம் சுத்தம் பண்ணினார்கள். நாலாம் நாள் காலையில் உன் இதயம் நின்றுவிட்டது. ஐம்பத்திரண்டு வயசு. நான் வராண்டாவில் நின்றுகொண்டிருந்தேன். அழுகைகூட வரவில்லை.

இன்னொரு சேதி. போன மாசம் எனக்கும் கொலஸ்ட்ரால் என்றார்கள். உத்திரமேரூர் டாக்டரம்மா எழுதிய சீட்டைப் பார்த்தால், உன் மாத்திரையேதான். சீட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். "எங்க அண்ணன் இதுலதான் போனாரு, எனக்கு வாணாம்மா" என்றேன். உட்காரச் சொல்லி முழுசாகக் கேட்டார்.

"மாத்திரை மேல தப்பு இல்ல காதர். எத்தனையோ பேருக்கு ஹார்ட் அட்டாக் வராம காப்பாத்துறது இதுதான். கேக்காம வேற ஒண்ணச் சேத்ததுதான் தப்பு" என்றார். எந்த டாக்டரிடம் போனாலும், மெடிக்கல் ஷாப்பில் சளிக்கு ஒரு மாத்திரை வாங்கினாலும், இதைச் சாப்பிடுகிறேன் என்று முதலில் சொல்ல வேண்டுமாம். காரணம் இல்லாமல் சதை வலித்தாலோ, கை கால் பலம் விட்டாலோ, சிறுநீர் கருத்தாலோ அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே அவரிடம் ஓடிவர வேண்டுமாம். மற்றபடி நம் இஷ்டத்துக்கு நிறுத்தவும் கூடாதாம். ஈரலுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். இப்போது சாப்பிடுகிறேன். முதல் மாத்திரையை விழுங்க அரை மணி நேரம் ஆனது.

இதில் ஒன்றையாவது உனக்கு யாராவது சொல்லியிருந்தார்களா? நீ கேட்டிருந்தாயா? நானாவது?

போன ஞாயிற்றுக்கிழமை திருமுக்கூடலுக்குப் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை அவங்களுக்குக் கிட்னி கெட்டுப்போச்சு என்று மட்டும்தான் தெரியும். கடைசிவரை கேட்டார்கள். பிறகு, "நீ நல்லதுக்குத்தான் குடுத்த, எனக்குத் தெரியும். ஆனா இப்ப உன் மூஞ்சியப் பாக்க முடியல காதரு. கொஞ்ச நாளு இந்த வூட்டுப் பக்கம் வராத" என்றார்கள். சரி அண்ணி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவங்க கூப்பிடும் நாள் வந்தால் போவேன். வராவிட்டால் அதுவும் நியாயம்தான்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன் அண்ணே. என் மருந்தை இனி ஒருத்தர் கையிலும் கொடுக்க மாட்டேன். வேறு யாராவது கொடுப்பதைப் பார்த்தால், ஓடுகிற பஸ்ஸாக இருந்தாலும் நிறுத்தி, உன் பெயரையும் என் பெயரையும் சொல்லி, நான் செய்ததை மறைக்காமல் சொல்லுவேன். வெட்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

உன் கூடப் பிறக்காத தம்பி,
கண்டக்டர் காதர்