பேஸ்மென்ட் சனிக்கிழமைகள்

செப்டம்பர் 13, சனி

கையைத் தூக்க முடியவில்லை. பேனாகூடக் கனக்கிறது.

இன்றும் ஒரு பேஸ்மென்ட். வெள்ளம் வடிந்துவிட்டது, ஆனால் இந்த ஆற்றோர ஊரில் வீட்டுக்கு வீடு நிலத்தடி அறை இன்னும் நாறிக் கிடக்கிறது. முதல் வாரம் கல்லூரியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆள் வந்தது. செல்ஃபி எடுத்து முடித்ததும் பாதிப் பேரைக் காணோம். இப்போது எங்கள் குழுவில் மிச்சம் மூன்று பேர். ஊறிப்போன சுவர்ப் பலகையைக் கடப்பாரையால் பெயர்ப்பது நான். குப்பை வாளியோடு படியேறுவது வெண்பா. மேலே வாங்கித் தெருவோரம் கொட்டுவது ஆதர்ஷ். பேச்சே தேவையில்லை. வாளி நின்றால் யாரோ களைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

போன வருடம் முழுக்க மூவரும் ஒரே வகுப்பு. ஒரு 'ஹாய்'க்கு மேல் பேசியதில்லை. வெண்பா திருப்பூரிலிருந்து படிக்க வந்தவள். ஆதர்ஷ் இங்கே அமெரிக்காவிலேயே பிறந்தவன். தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். இன்று ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தோம்.

மான்மவுத் ஜங்ஷன் வீட்டிலிருந்து உம்மா போன். "நீ படிக்கப் போனியா, பள்ளம் தோண்டப் போனியா?"

"ரெண்டுக்குந்தான்" என்றேன்.

செப்டம்பர் 20, சனி

கோவால்ஸ்கி என்று ஒரு கிழவர். தனி ஆள். கதவைத் திறந்தார், இருமினார், என் தலைத்துணியைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் வரலாம். அவ வேண்டாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஆதர்ஷ் சொல்லிவிட்டான், அப்படியென்றால் யாரும் வரமாட்டோம் என்று. வெண்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்கு வந்துவிட்டாள். வழியெல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே உற்சாகம். "அவன் மூஞ்சியப் பாத்தியா?" எனக்காகப் பீட்ஸா வாங்கினார்கள். என்னால் ஒரு துண்டுகூட இறக்க முடியவில்லை.

அவர் சொன்னதாலா? அந்த மாதிரிப் பார்வை எனக்குப் புதிதா என்ன. வேறு ஏதோ ஒன்று உறுத்துகிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

தெரிந்துவிட்டது.

அவர் என்னை வீட்டுக்குள் விடவில்லை. சரி. இவங்க ரெண்டு பேரும் என்னைப் பேசவே விடலையே! இந்த நாட்டுக்கு வருமுன், கீழ்க்கரையில் எட்டாவது படிக்கும்போதே ஹெட்மாஸ்டரை எதிர்த்துப் பேசியவள் நான். என் தலைத்துணி, என் அவமானம், என் கடப்பாரை. முடிவு மட்டும் அவங்களோடதா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

அந்தச் சுவரில் பூஞ்சை ஏறிக்கொண்டிருக்கும். அவர் அதை மூச்சில் இழுத்துக்கொண்டிருப்பார். இழுக்கட்டும் என்று நினைத்துப் பார்த்தேன். மனது ஒப்பவில்லை. அதற்கும் கோபம் வருகிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

வெண்பா கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

அறைக்கே வந்துவிட்டாள்.

"உனக்காகத்தான்டி பண்ணோம்!"

"எனக்காகன்னா என்னக் கேட்டிருக்கணும்ல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"கடப்பாரையோட அங்கயே நின்னிருப்பேன். வாசல்லயே நின்னிருப்பேன். அவன் பாக்கப் பாக்க."

"நீ அங்க நின்னு அசிங்கப்படறத நான் பாக்கணுமா?" என்று கேட்டு அழுதுகொண்டே போய்விட்டாள். அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அவளுக்கும் வலித்திருக்கிறது. இருந்தாலும் நான் சொன்னது சொன்னதுதான்.

சாயங்காலம் ஆதர்ஷிடமிருந்து மெசேஜ். "ஸாரி. வாட் டூ யூ வான்ட் டு டூ?"

அப்பாடா. கேட்டுவிட்டான். சனிக்கிழமை அதே வீடு, பேசுவது நான் என்று பதில் போட்டேன். வெண்பாவுக்கும் அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று மட்டும் வந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி

உம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன்.

"வாசல்லயே தொரத்துன வீட்டுக்கு மறுபடியும் போறியே, ஒனக்கு ரோஷமே இல்லையா?"

"ரோஷம் இருக்கிறதாலதான் போறேன் உம்மா."

செப்டம்பர் 27, சனி

கதவைத் தட்டியது நான். மற்ற இருவரும் என் பின்னால். வெண்பா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"சார், சுவரைப் பெயர்க்கிறவள் நான். இவர்கள் சுமப்பவர்கள். நான் இல்லாமல் இவர்களை உள்ளே விட்டால் நல்ல சுவரையும் சேர்த்து இடித்துவிடுவார்கள். வீடு உங்களுடையது. யோசித்துச் சொல்லுங்கள்."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

இரண்டு பேரும் அசையவில்லை. என்னையே பார்த்தார்கள். "இப்ப என்ன பண்ணலாம், சொல்லு" என்றாள் வெண்பா.

வீட்டோரமாகப் புல்லில் ஊறிக் கிடந்த கார்ப்பெட்டைக் காட்டினேன். மூவருமாகச் சுருட்டித் தெருவுக்கு இழுத்தோம். பிணமாய்க் கனத்தது. அடுத்து ஒரு சோபா. அதற்கடுத்து மெத்தை. ஜன்னல் திரை நகர்வதும் மூடுவதுமாக இருந்தது. பார், நன்றாகப் பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இழுத்தேன்.

மதியத்துக்குப் பிறகு, தோட்டத்துப் பக்கம் பேஸ்மென்டுக்கு இறங்கும் இரும்புக் கதவு உள்ளிருந்து திறந்தது. திறந்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

முதலில் இறங்கியது நான்.

மன்னிப்பும் இல்லை, நன்றியும் இல்லை. படியில் கைகட்டி உட்கார்ந்து நான் பெயர்ப்பதையே பார்த்தார். கடைசியில் விரலை நீட்டி, "அங்க ஒரு ஆணி விட்டுட்ட" என்றார். போய்ப் பிடுங்கினேன். அவரை எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடித்திருக்காது. சுவர் காய்ந்தால் போதும்.

காரில் வெண்பா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வாயைத் திறந்து ஒரே குறட்டை. நான் நகரவில்லை.

அக்டோபர் 4, சனி

இன்றைய வீட்டில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய். வாசலில் நின்று ஒரே குரைப்பு. வெண்பா சத்தமில்லாமல் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஆண்பிள்ளைபோல் தைரியம் பேசுகிறவளுக்கு நாயென்றால் இவ்வளவு பயமா?

"இவள் காரிலேயே இருக்கட்டும்" என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியில் நிறுத்தினேன். திரும்பி அவளைப் பார்த்தேன்.

"என்னடி பண்ணலாம்?"

மூக்கை உறிஞ்சினாள். "நாயக் கட்டச் சொல்லு. நான் அழுதுக்கிட்டே வரேன்."

சாயங்காலம் வரைக்கும் வாளி நிற்கவே இல்லை.