திரும்பாத பேய்

ஜூன் 3

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

சகலரும் அறிக: நம் வீட்டு சோபாவின் இடது மூலை நேற்று மாலை முறைப்படி என் வசம் வந்தது. நெடுங்காலம் அதை ஆண்ட தாங்கள் சினிமா படிக்கிறேன் என்று விடுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் அரியணை காலி. முடிசூட்டு விழாவுக்கு ஒரு பேய்ப்படம் போட்டேன். தனியாக, விளக்கை அணைத்துவிட்டு. நான் கண் இமைக்கவில்லை. பேய்தான் கொஞ்சம் கூச்சப்பட்டது.

போனில் கூப்பிட்டால், "இருடா, கண்ணாடி கூப்பிடுறா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாதே! அந்த அறைத்தோழி கண்ணாடி போட்டிருக்கிறாளா, இல்லை அவளைப் பார்த்துத்தான் நீ தலை வாரிக்கொள்கிறாயா? "அது பேய் இல்லடா, பொம்பளைங்க அடக்கி வச்ச கோபம்னு கண்ணாடி சொல்றா" என்றாய். போன மாதம் வரை நமக்கு அது வெறும் பேயாகத்தான் இருந்தது. உங்கள் கல்லூரியில் சேர்ந்து அதுவும் பட்டம் வாங்கிவிட்டதா?

விடுமுறைக்கு அவள் வீட்டுக்குப் போகப்போகிறாயாமே. அம்மா சொன்னாள். எனக்கொன்றும் இல்லை. சோபா விசாலமாக இருக்கிறது.

இப்படிக்கு,
இடது மூலை மன்னன்

ஜூன் 11

அன்புள்ள குட்டிச்சாத்தானுக்கு,

தனியாகவா? நீயா? சரி, சிரித்து முடித்துவிட்டு நம்புகிறேன்.

கண்ணாடி மேல் ஏன் இத்தனை காரம்? அவள் கேட்டது ஒரே கேள்விதான். சினிமாவில் செத்துப்போன ஆண்கள் சமர்த்தாகப் போட்டோவாகிச் சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள். பெண்கள் மட்டும் ஏன் திரும்பி வருகிறார்கள்? "உயிரோட இருந்தப்ப சொன்னதை யாரும் காதுல வாங்கல, அதான்" என்கிறாள். எல்லாப் பேய்க்கும் உள்ளர்த்தம் பார்ப்பது அதிகம்தான் என்று நானும் அவளோடு சண்டை போடுவேன். ஆனால் இந்தக் கேள்வியை மட்டும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

விடுமுறை இன்னும் முடிவாகவில்லை. ராஜ்ஜியத்தைக் குப்பையாக்காமல் ஆளவும்.

அக்கா

ஜூன் 20

அக்கா,

உன் போனுக்கு ஒரு குறும்படம் அனுப்பியிருக்கிறேன். எங்கோ இருக்கும் மேதை ஒருவர் எடுத்ததாம். வெள்ளை விரிப்பு போர்த்திய பேய் அடுப்பைப் பார்த்து நிற்கும். பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பேய் திரும்பவே திரும்பாது. அவ்வளவுதான். உன் கண்ணாடியிடம் காட்டி அர்த்தம் வாங்கி அனுப்பு. பெரிய அறிவாளியாயிற்றே!

மன்னன்

ஜூலை 1

அடேய் மேதை,

அடுத்த படத்திலாவது நம் வீட்டு அடுப்பின் உடைந்த குமிழைத் துணி போட்டு மறை. குரலை எந்தக் கருவியில் மாற்றினாலும் உன் தொண்டைக்கரகரப்பு போகவில்லை. ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைச் சொறிகிற பேய் உலகத்திலேயே ஒன்றுதான், நம் அம்மா.

கண்ணாடிக்கு இதெல்லாம் தெரியாது. மூன்று முறை பார்த்தாள். "இந்தப் பேய்க்குத் திரும்ப முடியாம இல்ல. திரும்பப் பிடிக்கல" என்றாள்.

அம்மா ஏன் திரும்பவில்லை? கேட்டாயா?

அக்கா

ஜூலை 8

அக்கா,

மாட்டிக்கொண்டேன். ஆனால் வாதத்தில் தோற்கவில்லை. பேய் அடுப்படியில் நின்றது ஏன் தெரியுமா? நம் வீட்டில் அந்தக் குழல்விளக்கு ஒன்றுதான் ஒழுங்காக எரிகிறது. திரும்பாதது ஏன்? திரும்பினால் அம்மா சிரித்துவிடுவாள் என்று நான்தான் தடை போட்டேன். அடக்கி வைத்தது சிரிப்பு, கோபமில்லை! இதை வைத்துக் கண்ணாடியை ஓட்டலாம் என்று உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டிச் சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, நான் சொன்னதாலதானே நீ திரும்பல?"

அம்மா தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "முதல் தடவை நீ சொன்னதால. அப்புறம் நல்லா இருந்துச்சுடா. நீ பாட்டுக்கு அம்மா அம்மான்னு கத்துற, நான் என்னன்னு கேக்க வேண்டாம். இன்னொரு தடவை எடுக்கலாமான்னு நானேதானே கேட்டேன்?"

கேட்டாள். ஐந்து தடவை எடுத்தோம். நடிப்பு ஆசை என்று நினைத்துவிட்டேன்.

"அந்தப் பொண்ணு படத்தைப் பாத்தே சொல்லிட்டாளே. அவளையும் இங்க கூட்டிட்டு வரச் சொல்லு" என்றாள் அம்மா. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அப்பா, "டீ!" என்றார். அம்மா திரும்பவில்லை. நான் போட்டேன். கண்றாவியாக இருந்தது. அப்பா கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

அதனால் கண்ணாடியும் வரட்டும். வலது மூலையில் உட்காரட்டும். இடது மூலையை உனக்கே திருப்பித் தருகிறேன். ஆனால் உன் பக்கத்து இடம் என்னுடையது. அதில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. ஏனென்றால் (இதை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டாதே) அந்த முடிசூட்டு விழாப் படம் தலைப்பு வருவதற்குள் அணைந்துவிட்டது. அணைத்தது நான். நாம் சேர்ந்து பார்த்த படங்கள் இருக்கின்றனவே, அதிலெல்லாம் நீ என் கண்ணைப் பொத்திக்கொண்டு, "இப்ப வர்றா, இப்ப கதவைத் தட்டுறா" என்று சொல்லச் சொல்லக் கேட்டதுதான். விரல் இடுக்கில் பார்த்தேன் என்று பீற்றிக்கொண்டதெல்லாம் பொய். உன் கைக்குள்ளேயும் கண்ணை இறுக்கி மூடியிருந்தேன். பேய்க்கு அர்த்தமே கிடையாது என்று இத்தனை நாள் வாதாடிய நான் இதுவரை ஒரு பேயின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

வரும்போது கையைக் கொண்டு வா.

உன் தம்பி