கட்டத்தாளில் எழுதிய உன் பக்கம்

இன்று காலை வகுப்புக்குக் கிளம்பும்போது பழைய பையின் அடியில் உன் கட்டத்தாள் கிடைத்தது. புடவைக்கு டிசைன் போடுகிற தாள். கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நீ பென்சிலில் எழுதிய எச்.டி.எம்.எல்., இணையப் பக்கத்துக்கான குறிகள். பிரித்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

அப்போது நான் ஏனாத்தூரில் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்த்தேன். பக்கத்து வீட்டில் உன் தறி. நீ நெய்த புடவை கடையின் பெயரில் விற்றது. நெசவாளர் சங்கத்துப் பதிவேட்டில் உன் வீட்டுக்காரர் பெயர். ஒரு நாள் என் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: "எங்கனா ஒரு எடத்துல இந்தப் பொடவ நான் நெஞ்சதுன்னு இருக்கணும்டி. இதுல போட முடியுமா?"

எந்தக் குறியைத் திறந்தாலும் சாய்கோடு போட்டு மூட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். "அவ்ளோதானா?" என்றாய். லேப்டாப்பைத் தொடவே இல்லை. தறியில் ஓடும் நாடாவை நிறுத்திய நேரத்திலெல்லாம் கட்டத்தாளில் எழுதிவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் ஒற்றை விரலால் தட்டினாய். ஒரு குறிகூட மூடாமல் விடவில்லை. எனக்கே பொறாமையாக இருந்தது.

பக்கத்தைத் திறந்தோம். முதலில் அரக்கு நிறத்தில் புடவையின் உடல், அப்புறம் பச்சைக் கரை, எல்லாவற்றுக்கும் அடியில் கொட்டை எழுத்தில் உன் பெயர்.

"இன்னாடி, ஹெட்டிங்க கடைசில போட்டுக்கினு இருக்கற?"

"முந்தானைய கடைசிலதான நெய்யறோம்?"

"பாக்கறவங்க பேரத்தான்டி மொதல்ல தேடுவாங்க."

"மொதல்ல வேலைய பாக்கட்டும். அப்புறம் யாரு நெஞ்சதுன்னு கேக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. மாற்றச் சொல்லி இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீ அசையவில்லை. கடைசியில் அப்படியே இணையத்தில் ஏற்றினேன். உன் வீட்டுக்காரர் போனில் விரலால் தள்ளித் தள்ளி அடிக்கு வந்து, உன் பெயரைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தார். நீ தறியை விட்டு எழுந்திருக்காமலே சிரித்தாய்.

நீ போனபிறகு உன் காரியம் முடிந்த அன்றும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பக்கத்த எடுத்துடாதம்மா." எடுப்பேனா? வருஷா வருஷம் பணம் கட்டி அதைப் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது நெசவு வேலை செய்கிற பெண்களுக்கு வாரம் ஒரு நாள் இதே பாடத்தை நடத்துகிறேன். இன்று உன் பக்கத்தைத்தான் பெரிய திரையில் போட்டேன். "பேரு எங்க மேடம்?" என்றாள் ஐயம்பேட்டையிலிருந்து வருகிற பெண். கீழே போகச் சொன்னேன். கரையைத் தாண்டி உன் பெயர் வந்ததும் சத்தமாகப் படித்தாள். "இவங்க நெஞ்சதா!" என்றது இன்னொரு குரல். எனக்குப் பெருமையாக இருந்தது.

வகுப்பிலிருந்த பதினோரு பேரும் அவரவர் பக்கத்தைச் செய்து முடித்தார்கள். ஒருத்திகூடத் தன் பெயரை மேலே போடவில்லை. நான் திருத்தவில்லையடி.