‘உறவு’ என்ற கட்டம்

அண்ணா,

இன்று மதியம் உங்கள் ஊழியர் கோப்பு என் ஆபீஸ் மேசைக்கு வந்தது, மூடிவிடச் சொன்னார்கள். திறந்ததும் தைல வாசம் வந்தது. காகிதத்துக்கு ஏது தைல வாசம், என் மூக்குதான் எதையோ நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியே பாசிர் கூடாங் மழை. கண்ணாடிக்கு அப்பால் எண்ணெய்த் தொட்டிகள் கரைந்து பாதி வானமாகிவிட்டிருந்தன. நெஞ்சு வலியில் நீங்கள் இறந்துபோய் இன்றோடு நாற்பது நாள்.

இருபது வருடத்துக்கு மேல் ஃபேக்டரி பஸ்ஸில் போய்வந்த மனிதருக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது என்றால் யார் நம்புவார்கள்? ஏறினாலே உங்களுக்குத் தலை சுற்றும். நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருவீர்கள். அது உங்கள் இடம் என்று எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர. வேலைக்கு வந்த முதல் நாளே போய் அதில் உட்கார்ந்துவிட்டேன்.

“தங்கச்சி, ஜன்னல் பக்கம் எனக்குக் குடுத்துரும்மா. இல்லன்னா உன் மேலதான் வாந்தி எடுப்பேன்,” என்றீர்கள். நமக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான்.

அந்த பஸ் மூன்று ஆலைகளுக்கு ஆள் ஏற்றும். நீங்கள் எண்ணெய் ஆலையில் ஸ்டோர் வேலை. நான் பக்கத்து ஆலையில், ஏஜெண்ட் அனுப்பிய தற்காலிக பேக்கிங் ஆள். விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் பஸ்ஸே தூங்கிக்கொண்டு போவதுபோல இருக்கும். புகைபோக்கிகளின் வெள்ளை ஆவியும் காலைப் பனியும் ஒன்றாகக் கலந்து, ரோடு எது, ஆகாயம் எது என்று தெரியாது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே பேசுவீர்கள். நான் பாதிக் கனவில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆறு வாரம் அப்படிப் போனது. ஒரு நாள், அடுத்த மாதத்தோடு என்னை நிறுத்துகிறார்கள் என்று சொன்னேன். செனாயில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் எழுதிப் போட்டும் ஓரிடத்திலிருந்தும் பதில் இல்லை. சொந்த ஊரான சாஆவுக்குத் திரும்பி, அப்பாவோடு செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்க வேண்டியதுதான்.

“கேபல் இல்லாம இங்க எவனுக்கும் வேலை கிடைக்காது லா,” என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல். உள்ளே ஆள் பலம் இருப்பதற்கு நம் ஊரில் அதுதானே பேர்.

நீங்கள் கண்ணைத் திறக்காமலே சிரித்தீர்கள். “நமக்கு ஏது கேபல்? நாமளே ஒருத்தருக்கொருத்தர் கேபலாயிக்க வேண்டியதுதான்.”

மறுநாள் உங்கள் ஆலையின் சிபாரிசு ஃபாரம் ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். “ஒன் பேரு என்னம்மா? தங்கச்சின்னு மட்டும் எழுதுனா எடுக்க மாட்டாங்க.” அதுவரை என் பெயரே உங்களுக்குத் தெரியாது. குலுங்கும் பஸ்ஸில், குமட்டலை அடக்கிக்கொண்டு, முழங்காலில் வைத்து எழுதினீர்கள். ‘உறவு’ என்ற கட்டத்தில் மலாயில் ‘அடிக்’ என்று, அதாவது தங்கை என்று, எழுதியதை நான் பார்க்கவில்லை.

பேட்டியில் உட்கார்ந்திருந்த மலாய் அக்கா பார்த்துவிட்டார். நம் அடையாள அட்டையில் நம் பெயரோடு அப்பா பெயரும் சேர்ந்தே இருக்குமே. உங்கள் அப்பா முனியாண்டி, என் அப்பா ராமசாமி. “இவர் உன் அண்ணனா?” என்று கேட்டார். எனக்குப் பொய் வராது, பயத்தில் சுத்தமாக வராது. “இல்லை. அவரை எனக்குத் தெரியாது. பஸ்ஸில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்,” என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். உங்கள் ஆலையிலேயே வேலை கிடைத்தது. என் நேர்மைக்குக் கிடைத்த வேலை என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டிருக்கிறேன்.

“ஏண்ணா அப்படி எழுதுனீங்க?” என்று பிறகு பஸ்ஸில் கேட்டேன்.

“வேற என்னத்த எழுதுறது? நீ என்னை அண்ணான்னுதானே கூப்புட்ட?”

“பிரச்சினை ஏதும் ஆச்சா?”

“அலமாக், ஒண்ணும் இல்ல. ஃபாரத்த மாத்தப் போறாங்களாம், அவ்ளோதான்.”

அடுத்த வருடம் வந்த ஃபாரத்தில் ‘உறவு (அடையாள அட்டையின்படி)’ என்று அச்சாகியிருந்தது. அதைக் காட்டிக் காட்டி பஸ்ஸே சிரித்தது.

பிறகு உங்களோடு எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன். தெரியாத ஆளுக்கு எதை நம்பிச் சிபாரிசு செய்வது? தனக்காகச் சொல்ல ஆளில்லாத இன்னொரு பெண்ணின் இடத்தைத்தானே நான் எடுத்துக்கொண்டேன் என்பேன். “அந்தப் புள்ள நம்ம பஸ்ல ஏறியிருந்தா அவளுக்கும் எழுதியிருப்பேன்,” என்பீர்கள். அது பதிலே இல்லை. இன்றைக்கும் அது பதில் இல்லை என்றுதான் சொல்வேன்.

போன வாரம் முன்பின் தெரியாத ஒரு பெண் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். “அக்கா, நீங்க அந்த ஆலை ஆபீஸ்ல இருக்கீங்கன்னு நெட்ல பார்த்தேன். என் பேரைப் போட்டு விடுவீங்களா?” முகம்கூடத் தெரியவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. பதில் போடவில்லை. சிபாரிசுக்குப் பெயர் கொடுக்க இன்று கடைசி நாள்.

இன்றுதான் உங்கள் கோப்பும் வந்தது. அதற்குள் ஓர் எச்சரிக்கைக் கடிதம், பொய்த் தகவல் தந்ததற்காக. அதன் கீழே அந்த வருடம் சூப்பர்வைசராக உயர்த்த இருந்தவர்களின் பட்டியல், உங்கள் பெயர் மட்டும் கோடிட்டு அடிக்கப்பட்டு. அதற்கும் கீழே, உங்கள் கோணல் கையெழுத்தில் மலாயில் மூன்று வரி: ‘அந்தப் பெண் சொன்னது உண்மை. தவறு என்னுடையது. அவளுக்கு வேலை தராமல் இருந்துவிட வேண்டாம்.’

ஆபீஸ் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீங்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் அண்ணா. கோபப்பட இனி ஆளில்லை என்பது அதைவிடப் பெரிய கோபம்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, செய்தி அனுப்பிய பெண்ணைப் போனில் கூப்பிட்டேன். முதலில் பெயரைக் கேட்டேன். பழைய வேலையை ஏன் விட்டாய் என்றேன். “சூப்பர்வைசரோட சண்டைக்கா. தப்பு என் மேலயும் இருக்கு,” என்றாள். பத்து நிமிடம் பேசினோம்.

இப்போது ஃபாரம் கம்ப்யூட்டரில்தான். ‘உறவு’ கட்டத்தில் குடும்பம், நண்பர், முன்னாள் சக ஊழியர் என்று வரிசையாக இருந்தது. நான் ‘மற்றவை’யைத் தொட்டு எழுதினேன்: ‘இவரை எனக்குத் தெரியாது. ஒரு முறை போனில் பேசினேன். நேராகப் பதில் சொன்னார். கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள்.’

பக்கத்து மேசை தேவி எட்டிப் பார்த்தாள். “தெரியாதுன்னு எழுதிட்டே சிபாரிசாக்கா? அந்தப் புள்ள மூணு நாள்ல ஓடிப்போச்சுன்னா உங்க பேருதான் கெடும்.”

நான் பொய் எழுதவில்லை. அதனால் உங்களைவிட நல்லவளாகிவிட்டதாகவும் தோன்றவில்லை. யாரிடம் கேட்பது என்றே தெரியாத இன்னொரு பெண் எங்கோ இருப்பாள், அவளுக்கு என்னிடமும் பதில் இல்லை. மழை விட்டுவிட்டது, தொட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. என் பெயர் கெடும் என்கிறாள் தேவி. கெடட்டும் அண்ணா. உங்கள் பெயர் கெட்டுத்தானே நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.