பேர் சொல்லிக் கூப்பிடுவது

8 செப்டம்பர் 2025, திங்கள்

சென்னை தலைமை அலுவலகத்திலிருந்து இன்னொரு சுற்றறிக்கை. இனி ஆபீசில் சார், மேடம், அண்ணன், அக்கா எதுவும் கிடையாது. எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மேலே கீழே இல்லாத பணியிடம் வேண்டுமாம். இரண்டு வாரத்தில் கிளை மேலாளர், அதாவது நான், அறிக்கை அனுப்ப வேண்டும்.

நல்ல விஷயம்தானே? இந்த ஷிப்பிங் ஏஜென்சியின் காரைக்கால் கிளைக்கு மேலாளராக வந்த முதல் பொம்பளை நான். சிலர் 'மேடம்' என்று சொல்லும்போது அதில் ஒரு கேலி ஒட்டிக்கொண்டு வருவதை ஆறு வருஷமாகக் கேட்கிறவள். நான்தான் முதலில் கைதட்டியிருக்க வேண்டும்.

பிறகு ஏன் வாசித்து முடித்ததும் சோமசேகரன் சார் முகத்தைப் பார்க்க முடியவில்லை? அவருக்கு ஐம்பத்தெட்டு வயசு. கப்பல் காகிதமெல்லாம் அவர் கையில்தான். பக்கத்து மேசைக் கவியரசனுக்கு இருபத்து நாலு. அவன் இவரை "சோமசேகரன், அந்த ஃபைலை எடுங்க" என்பானா? யா அல்லாஹ்.

9 செப்டம்பர்

ஒருத்தரும் ஒருத்தரையும் கூப்பிடவே இல்லை. கவியரசன் மேசையைத் தட்டுகிறான். கவுண்டர் தீபா எழுந்து நடந்து வந்து, முன்னால் நின்று இருமுகிறாள். சோமசேகரன் சார் ஆறடி தூரத்திலிருந்து எனக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார். சிரிப்பதா அழுவதா?

11 செப்டம்பர்

ஒத்திகை பார்த்தோம். கவியரசன் கண்ணை மூடிக்கொண்டு "சோமசேகரன்" என்றான். அவர் "சொல்லு தம்பி" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தம்பியும் கூடாதே.

டீ நேரத்தில் என் மேசைக்கு வந்தார். "என் மருமகப்பிள்ளைகூட என்னை இப்படிக் கூப்பிட மாட்டாருங்க. வீட்டுக்குப் போனா சோறு இறங்கல மேடம்." கண் கலங்கியிருந்தது. ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க சார் என்றேன்.

சார். நானே!

12 செப்டம்பர்

திங்கட்கிழமை சென்னையோடு வீடியோ கூட்டம். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவருக்குப் பேர் சொல்லி வணக்கம் சொல்ல வேண்டும். பட்டியலில் நாலு பேர்தான். அஞ்சுகம் பேர் இல்லை. கூட்டிப் பெருக்கி டீ போடுகிறவள், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவள், அதனால் ஊழியர் கணக்கில் வரமாட்டாளாம்.

எனக்கு வந்ததே கோபம். ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறாள், என்னைவிட சீனியர். நான் புதிதாக வந்தபோது, நான் பூட்டிக் கிளம்பும்வரை தினம் வாசலில் காத்து நின்றது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் ஐந்தடித்தால் காணாமல் போவார்கள். சென்னையோடு சண்டை போட்டு அவள் பேரைச் சேர்த்துவிட்டேன். மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

15 செப்டம்பர்

கூட்டம் முடிந்தது. அஞ்சுகத்தை என் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். "கூச்சப்படாதே, சும்மா மர்யம்னு சொல்லு" என்றேன். "அது எப்படிம்மா வாயில வரும்?" என்றாள். விடவில்லை நான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வணக்கம்... மர்யம்" என்றாள்.

திரையில் சென்னைக்காரர்கள் கைதட்டினார்கள். கவியரசன் குபீரென்று சிரித்துவிட்டான். தீபாவும். நானும் சிரித்தேன். சந்தோஷத்தில்தான் சிரித்தேன். அப்படித்தானே?

16 செப்டம்பர்

அஞ்சுகம் வரவில்லை.

17 செப்டம்பர்

இன்றைக்கும் இல்லை. போனையும் எடுக்கவில்லை. கவியரசன் போட்ட டீ பாயசம் மாதிரி இருந்தது.

18 செப்டம்பர்

ஒப்பந்தக்காரர் பேசினார். "திங்கக்கிழமை வரலைன்னா வேற ஆள் போட்டுர்றேன் மேடம்."

வேற ஆளா? அவளுக்கு இந்த வேலை போய்விட்டால் அது என்னால்தான். என் பேரை அவள் வாயில் திணித்தேன். வயசில் மூத்தவளைப் பார்த்து எல்லாரும் சிரிக்கும்படி வைத்தேன். சேர்க்கிறேன் சேர்க்கிறேன் என்று குதித்து, இப்போது வெளியே தள்ளிவிட்டேனா? மன்னிப்புக் கேட்க வேண்டும். எதற்கென்று சரியாகத் தெரிந்தால் தேவலை.

20 செப்டம்பர், சனி

காலையில் அஞ்சுகத்தைத் தேடி அவள் இருக்கும் மீனவர் குப்பம், காரைக்கால்மேடு போனேன். படகுகள் வந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கூடை மீனுக்கு இரண்டு பெண்கள் மல்லுக்கு நிற்கிறார்கள், நடுவில் அஞ்சுகம். "அஞ்சுகத்தக்கா, நீங்க சொல்லுங்க" என்கிறாள் ஒருத்தி. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஆள், "அத்தை, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்கிறான். அங்கே அவளை ஒருத்தரும் வெறும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

என்னைப் பார்த்ததும் பதறிப்போய் ஸ்டூல் எடுத்துப் போட்டாள். "என் பேரைச் சொல்ல வச்சதுக்கு மன்னிச்சுரு" என்றேன்.

"அதுக்கா? அதுல என்னம்மா இருக்கு."

"பின்னே ஏன் வரலை?"

கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "பேரு சொல்லிக் கூப்பிடணும்னதும் சோமசேகரன் சாருக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. நீங்கல்லாம் ஒருத்தரையொருத்தர் கூப்பிடாமலே ஒரு வாரம் ஓட்டுனீங்க. அது அவ்வளவு பெரிய அவமானம்னு அப்பத்தாம்மா எனக்குத் தெரிஞ்சுது. ஒம்பது வருஷமா என்னை அப்படித்தானே கூப்பிடுறீங்க. நேத்து வந்த தம்பிகூட. யாருக்கும் கூசலையேம்மா."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வேண்டாம் என்றாலும் கேட்காமல் நாலு சங்கரா மீனைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

கிளம்பும்போது "திங்கக்கிழமை வருவியா?" என்று கேட்டேன். "பாக்கலாம்மா" என்றாள்.

வருவியா! அதைக் கேட்ட பிறகுமா? வருவீங்களான்னு கேக்க இந்த வாய்க்கு என்ன கேடு? சீ.

21 செப்டம்பர்

சங்கரா மீனை உம்மாதான் புளி ஊற்றி ஆணம் வைத்தாள். எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஒன்றும் விளங்கவில்லை. பேருக்குப் பின்னால் வரும் சார், அக்கா மாதிரி ஒட்டுகளையெல்லாம் பிடுங்கிப்போட்டால் எல்லாரும் சமம் என்று சென்னையில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். காகிதத்தில் சரிதான். ஆனால் எங்களுக்கு ஏன் அப்படி வலித்தது? எங்கே இறங்குகிறோம் என்று தெரிந்ததால்தானே? அங்கே அவள் முன்னமே நின்றுகொண்டிருந்தாள், எங்களில் யாரும் பார்க்கவில்லை.

இப்போது அக்கா என்றால் நடிப்பாக இருக்குமா? குற்றவுணர்ச்சிக்குப் போடுகிற மருந்தா? குளியலறையில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "அக்கா, வாங்க." வெளியிலிருந்து மகள் தஹ்ஸீன், "யாரோட பேசுறீங்கம்மா?" என்றாள். குழாயைத் திறந்துவிட்டேன்.

22 செப்டம்பர், திங்கள்

வந்துட்டாங்க. ஒன்பது மணிக்கே. அல்ஹம்துலில்லாஹ்.

அதற்கு முன்னாலேயே மூன்று பேரையும் நிற்கவைத்து நடந்ததைச் சொல்லிவிட்டேன். கவியரசன் தலையைத் தூக்கவில்லை. சோமசேகரன் சார், "எனக்கும் தோணலையே" என்று இரண்டு தடவை சொன்னார்.

சென்னைக்கு அறிக்கை. 'கிளையில் அனைவரும் பெயர் சொல்லி அழைக்கிறார்களா?' இல்லை என்று போட்டேன். காரணம் கேட்டு நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். எதை எழுத? காலியாகவே அனுப்பினேன். என்ன செய்வார்களோ, செய்யட்டும்.

பதினோரு மணி இருக்கும். அவங்க கவுண்டர் ஓரமாகக் குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தாங்க. என் இடத்திலிருந்து, "அக்கா, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டேன்.

திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாங்க. தீபாவும் கவியரசனும் என்னையே பார்க்கிறார்கள். எழுந்து பக்கத்தில் போய் நின்று மூன்றாவது தடவை கூப்பிட்டதும்தான் திடுக்கிட்டு நிமிர்ந்தாங்க.

"என்னையா கூப்பிட்டீங்க? யாரோ பார்ட்டி வந்திருக்காங்க, அவங்களைத்தான் கூப்பிடுறீங்கன்னு இருந்துட்டேம்மா."